வேகம் குறையாத எஞ்சின்

போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நானும் என் தங்கையின் கணவரும் குருநகரில் ஒன்றாகக் கடலுக்குப் போனோம். வள்ளமும் வலையும் என்னுடையவை, எஞ்சின் அவருடையது. இருவருக்கும் ஒருநாளும் ஒத்துவரவில்லை. பெற்றோல் இல்லாததால் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றரில் கசடு படியும். அதைக் கழற்றிக் கழுவுவது என் வேலை.

ஒருநாள் காலை கரையை நெருங்கும்போது கைபிடியை முறுக்கி வேகத்தைக் குறைத்தேன். கைபிடி தளர்ந்து சுற்றியது. எஞ்சின் முழு வேகத்திலேயே இரைந்தது. நிறுத்தும் பொத்தான் முன்பே பழுது. எண்ணெய்க் குழாயைப் பிடுங்கினேன். உள்ளே மிஞ்சியிருந்த எண்ணெய் தீரும்முன்னே கரையில் கட்டியிருந்த வள்ளமொன்றில் போய் மோதினோம். என் இடக்கையின் இரண்டு விரல்கள் பலகைகளுக்கிடையில் நசுங்கின.

கரையில் சனம் கூடியது. மச்சான் என் கையைப் பார்க்கவேயில்லை.

"உவன் காபரேற்றரைக் கழுவிறன் எண்டு நாசமாக்கிப் போட்டான்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினார்.

உடுத்திருந்த சாரத்தில் கிழித்த துணியால் விரல்களைச் சுற்றிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தேன். கைபிடியிலிருந்து வரும் அக்சிலேற்றர் வயரைக் காபரேற்றரிலிருந்து கழற்றிவிட்டு, அது இழுக்கும் சிறு நெம்புகோலை விரலால் தள்ளி விட்டேன். ஸ்பிரிங் அதை டக்கென்று திருப்பி இழுத்தது. மறுபடியும் செய்து காட்டினேன்.

"பாத்தியளே? காபரேற்றர் சுகமாத்தான் கிடக்கு. வயர்தான் இறுகிப்போச்சு."

குறட்டால் இழுத்ததும் உள்வயர் உறையிலிருந்து துருவோடு வந்தது. இழைகள் அறுந்து முள்ளாக நின்றன. அது எஞ்சினுக்கு உரிய வயரே அல்ல. சைக்கிள் பிறேக் வயர்.

"ஆர் இதைப் போட்டது?" என்றேன்.

"நான்தான். பழசு அறுந்துபோச்சு. தடைக்குள்ளை சாமான் எங்கை கிடக்கு?"

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? உப்புத்தண்ணிக்கு உது எத்தினை நாள் நிக்கும்?"

"உன்னட்டை என்னத்துக்குச் சொல்லவேணும்? எஞ்சின் என்ரை."

கையில் குறடு இருந்தது. அதை அவர் முகத்தில் எறியாமல் மணலில் எறிந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான். அன்றே எஞ்சினைக் கழற்றிக் கொண்டுபோகச் சொன்னேன். தோளில் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனார்.

பின்னேரம் தங்கை வந்தாள். கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்ற என்னிடம், "சனத்துக்கு முன்னாலை அவரை வெக்கப்படுத்திப் போட்டாய்" என்றாள். விரல்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ அவரோடையே இரு" என்று கதவைச் சாத்தினேன்.

அடுத்த மாதம் அவளுடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டியவன் நான். மச்சான் தன் சிநேகிதன் ஒருவனை நிறுத்தினார். எனக்கு அழைப்பும் இல்லை. வந்திருந்தாலும் போயிருக்கமாட்டேன்.