ஐயா பொறுப்பெடுத்த மோட்டார் சைக்கிள்

“…அதெல்லாம் சரி ஐசே. இவ்வளவு காலமும் உம்மட வளவிலதானே நிண்டது. ஒரு நாளாவது ஏறி ஓடியிருக்கலாமே? ஏன் ஓடேல்லை?”

போன ஆவணியில், எங்கள் ஊர் சரவணையில் வீட்டு முற்றத்தில் வைத்து ஐயாவிடம் இப்படிக் கேட்டவர் செல்லத்துரை மாமா. ஐயாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். கனடாவிலிருந்து வந்து இறங்கி ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஐயா சொன்ன பதிலை எழுதுவதற்கு முன்னர், எங்கள் தகப்பனாரான அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் பெரிதாகப் படித்தவள் அல்ல. ஆட்கள் கதைப்பதைக் கேட்டுத்தான் தமிழ் பழகினேன். ஆகையால் எழுத்திலும் அந்தக் கதைதான் வரும். உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளவும்.

ஐயா சரவணையில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர், தபாற்காரராக வேலை எடுத்தார். இளைப்பாறும்வரை சைக்கிள்தான். “மனுசன் தெப்பமா நனைஞ்சு வரும், காயிதம் காய்ஞ்சபடி இருக்கும்” என்று கரம்பொனில் ஒரு ஆச்சி சொல்லுவாவாம். தபாலட்டையைக்கூட ஐயா கவிழ்த்துப் பிடித்துத்தான் கொண்டுபோவார். “ஊருக்கே தெரியத்தானே அட்டையில எழுதுறது, உவருக்கு மட்டும் கண் கூசுதாம்” என்று அம்மா பகிடி பண்ணுவா.

செல்லத்துரை மாமாவிடம் அவருடைய தகப்பனார் விட்டுப்போன, இங்கிலாந்தில் செய்த மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. இருவரும் அதில்தான் ஊர்காவற்றுறைக்குப் போவார்கள். எப்போதும் முன்னால் மாமா, பின்னால் ஐயா. ஐயாவுக்கு ஓட்டத் தெரியும். ஆனாலும் மாமா ஹாண்டிலைக் கொடுத்ததில்லை. வெளிநாடு போகிறபோது அதை எங்கள் வளவுக்குத் தள்ளி வந்து, “நான் வருமட்டும் பார்த்துக்கொள்ளும்” என்றார். ஐயா “ஓம்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்தபோது ஐயா அதையும் கழற்றி வண்டிலில் ஏற்றினார். “அம்மி, உரல் எல்லாத்தையும் விட்டுட்டு ஊரான்ரை இரும்பை ஏத்தின மனுசன்” என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. அக்காவுக்கோ அந்த வருடம் பள்ளிக்கூடச் சோதனை. ஐயா மூன்று நாள் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாலாம் நாள் அதன் டைனமோவைக் கழற்றித் தன் சைக்கிளின் பின் சில்லோடு பட்டி போட்டு இணைத்தார். மோட்டார் சைக்கிளின் வயரை முழுக்க உரித்தெடுத்து, ஒரு பல்புக்காக அக்காவின் மேசைவரை இழுத்தார். பகல் முழுக்கக் கடிதத்துக்கு மிதித்தவர், பொழுதுபட்டபின் வெளிச்சத்துக்கு மிதித்தார். அக்கா பாஸ் பண்ணினா. இன்று ஆசிரியை.

அது பிள்ளைக்குச் செய்த காரியம் என்று நாங்கள் சொன்னால் ஐயா கேட்கமாட்டார். “கேக்காமல் எடுத்தனான்” என்பார். மாமாவுக்கு இதைச் சொல்லி மூன்று கடிதம் எழுதினார், மூன்றையும் கிழித்தார். ஊரார் கடிதத்தை எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவருக்குத் தன்னுடைய ஒரு கடிதத்தை அனுப்ப முடியவில்லை.

ஊர் திரும்பிப் பல வருடங்களின் பின், போன சித்திரையில் மாமாவின் தொலைபேசி வந்தது. “ஆவணியில வாறன். என்ர சாமான் நிக்குதோ?”

“நிக்குது,” என்றார் ஐயா.

அம்மா விடவில்லை. “நிக்குதுதான். ஓடுதெண்டு சொல்லேல்லைத்தானே?”

ஐயாவின் இருதயம் பலவீனம், பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மோட்டார் சைக்கிளைத் திருத்த வெளிக்கிட்டவரை நாங்கள் மறித்தோம். “நான் போறது எப்பவெண்டு தெரியாது, அவன் வாறது எப்பவெண்டு தெரியும்” என்றார்.

குசினிக்குப் பின்னால் கொட்டிலில் வேலை தொடங்கியது. முதலில் டைனமோவைத் திரும்பப் பூட்டினார். கறள் பிடித்துத் துருவேறிய பெற்றோல் தாங்கிக்குள் சல்லிக்கல்லும் மண்ணெண்ணெயும் விட்டு நானும் அம்மாவும் மாறி மாறிக் குலுக்கினோம். “இந்த வயசில எனக்கொரு இரும்புப் பிள்ளை” என்றா அம்மா. வயரிங்தான் பெரும்பாடு. கண்ணில் புரை விழுந்து ஐயாவுக்கு நிறம் பிடிபடவில்லை. ஆகவே ஒவ்வொரு வயரின் நுனியிலும் நூலால் முடிச்சுப் போடச் சொன்னார். முன் லைற்றுக்கு ஒன்று, பின் லைற்றுக்கு இரண்டு, ஹோர்ணுக்கு மூன்று, பிறேக் லைற்றுக்கு நாலு. நான் முடிந்தேன், அவர் விரலால் தடவிப் பூட்டினார். முதல் தரம் பற்றரியைக் கொடுத்தபோது புகைதான் வந்தது. அயலில் இருக்கும் வயர்மன் யோகன் அண்ணை வந்து பார்த்துவிட்டு, “இது தலைகீழாப் பிறந்த சாமான். பற்றரியின்ர பொசிற்றிவ்வைத்தான் வண்டிச் சட்டத்தில பூட்டவேணும்” என்றார். மாற்றினோம். எரிந்த வயரையும் புதிதாகப் போட்டோம். மாமா வருவதற்கு இரண்டு நாள் முன்னர் என்ஜின் பிடித்தது.

அதன்பின் ஐயா ஆறு மாதம் இருந்தார். படுக்கமுன் வழக்கமாகக் கேட்கிற நித்திரைக் குளிசையை அந்த ஆறு மாதமும் கேட்கவில்லை. போன மாசியில் நித்திரையிலேயே போனார். எங்களுக்கு அழுகை இல்லாமல் இல்லை. ஆனால் பாரத்தை இறக்கிவைத்துவிட்டுப் போனவரை நினைக்கையில் மனம் ஆறுகிறது. செய்தி கேட்டவுடன் ஓடிவந்த அயலவர்களுக்கும், புங்குடுதீவிலிருந்து பந்தல் சாமான் கொண்டுவந்த உறவுகளுக்கும், ஐயாவின் நாடியைப் பிடித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், பணம் வேண்டாமென்று கையை உதறிவிட்டுப்போன யோகன் அண்ணைக்கும், தூரத்திலிருந்து துக்கம் விசாரித்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மாமாவுக்கு நன்றி சொன்னால் ஏசுவார். அவருக்காக, அவர் வந்திறங்கிய அன்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

மாமா படலைக்குள் வந்ததும் ஐயா சுகம்கூடக் கேட்கவில்லை. “டைனமோவைக் கழற்றினனான், வயரை உரிச்சனான், உம்மட்டைக் கேக்கேல்லை” என்று ஒரே மூச்சில் சொன்னார்.

“என்னத்துக்கு?”

“மூத்தவள் படிக்க.”

மாமா மோட்டார் சைக்கிளில் ஏறி உதைத்தார். பிடித்தது. பிறேக்கை அழுத்தினார், ஹோர்ண் அலறியது. கோழிகள் பறந்தன. ஹோர்ணை அழுத்தினார், பின்னால் சிவப்பு லைற் எரிந்தது. மூன்று முடிச்சையும் நாலு முடிச்சையும் மாற்றிப் போட்டவள் நான்தான். மாமா கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: ஏன் ஓடேல்லை?

ஐயா நிலத்தைப் பார்த்தபடி, “பார்த்துக்கொள்ளும் எண்டுதானே சொன்னனீர். ஓடும் எண்டு சொல்லேல்லையே,” என்றார்.

மாமா என்ஜினை நிறுத்தவில்லை. ஹாண்டிலிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். இருந்தபடியே அரக்கி அரக்கி நகர்ந்து பின்னிருக்கைக்குப் போனார்.