அவன் கேட்டது பஸ் இல்லை

ஏஷியாட் விளையாட்டுப் போட்டி நடந்து, டெல்லியில் கலர் டிவி வந்த வருஷம். அடிதடிக்கே பேர்போன ஒரு மெட்ராஸ் ஹீரோ, முதல்முறையாகக் காமெடிச் சண்டைப் படத்துக்காக கோல் மார்க்கெட்டுக்கு வந்தார். யூனிட்டுக்கு டீ கொடுத்தவன் நான்.

காலையிலிருந்து அவர் செய்த எதற்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த காட்சியில் ரவுடி வேஷம் போட்ட உள்ளூர்க்காரனின் கழுத்தைப் பிடித்தார். பிடி நிஜமாகவே இறுகியது.

"பஸ்! பஸ்!" என்று அவன் திணறினான்.

"பஸ்ஸா? இப்பதானேடா போச்சு!" என்று ஹீரோ இன்னும் இறுக்கினார்.

யூனிட்டே விழுந்து விழுந்து சிரித்தது.

இந்தியில் பஸ் என்றால் 'போதும்'. அங்கே இரண்டு பாஷையும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். டேக் கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அன்று போன குரல் திரும்பவே இல்லை.

இன்று ஜனக்புரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனில் அதே காட்சியைக் காட்டினாள். "அங்கிள், க்யா காமெடி, பாருங்க!"

டெல்லியிலேயே பிறந்து இந்தி பேசி வளர்ந்தவள். அவளுக்கும் அது பஸ்ஸாகத்தான் கேட்டிருக்கிறது.

உங்களுக்கும் சிரிப்பு வந்ததா, சொல்லுங்கள். அன்று அங்கே இருந்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவன், கழுத்தைக் கொடுத்த அந்தக் கிஷன்லால் மட்டும்தான். அவனால் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.