பேர் வெட்டிய தட்டு

என் தம்பி தைரியநாதன் ஜெயித்தவை இவை. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் தனியாக உட்கார வைக்கப்பட்டும் நான்கு வருஷமும் வகுப்பில் முதலிடம். பள்ளிக்கூடத்துத் தர்க்க சபையில், ஞானாதிக்கம் என்ற பெரிய இடத்துப் பிள்ளையைத் தோற்கடித்து முதல் பேச்சாளன் இடம். காரைக்கால் போட்டியில் வெள்ளிக் கோப்பை. பிறகு, எனக்கு முன் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து போய், பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் முதல் தடவையே தேர்ச்சி. இப்போது பாகூர்ப் பக்கத்தில் வாத்தியார் வேலை. உட்கார நாற்காலியும் உண்டு.

எங்கள் சேரி வாசகசாலை மலருக்கு அவனைப் பற்றி எழுதச் சொன்னவர்கள், "பழைய கசப்பெல்லாம் வாணாம்க்கா" என்றும் சொன்னார்கள். அப்படியானால் வேறு யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் ரெட்டியார்பாளையத்துக்குப் பின்னால் இருக்கும் சேரியில் பிறந்த கிறிஸ்தவர்கள். அப்பா பேர் சவரி; மில்லில் பஞ்சு சுமந்தார். நான் கன்னியாஸ்திரீகளிடம் மூன்றாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அதே மில்லில் நூல் சுற்றும் ரீலிங்கில் சேர்ந்தேன். தம்பிக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம்.

தர்க்க சபை சனிக்கிழமைகளில் கூடும். மூன்று பேர் கொண்ட அணி. முதலில் பேசுகிறவன் கட்சியை நிலைநாட்டி, எதிர் அணியின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்குப் பையன்களே ஓட்டுப் போட்டு என் தம்பியை எடுத்தார்கள். சபையை நடத்தியவர், பையன்கள் 'மிசே' என்று கூப்பிடும் பிரகாசம் வாத்தியார். அவருக்கு இது பிடிக்கவில்லை. சபைத் தலைவன் என்ற பட்டத்தையும் இரண்டாவது பேச்சாளன் இடத்தையும் ஞானாதிக்கத்துக்குக் கொடுத்து மனதை ஆற்றிக்கொண்டார்.

காரைக்கால் போட்டிக்கு வந்த தலைப்பு, மனிதனைத் திருத்துவது சட்டமா, கல்வியா என்பது. எங்கள் பள்ளிக்குக் கல்வி. ஒரு மாதம் வீட்டில் நான்தான் எதிர்க்கட்சி. சோறு வடித்துக்கொண்டே கேள்வி கேட்பேன். அவன் திணறினால் விடமாட்டேன்.

"நீ இன்னாக்கா, ழூழ் மாதிரி கேக்கற!" என்பான். கோர்ட்டில் இருக்கும் நீதிபதியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.

புறப்படும் வாரம் பிரகாசம் வாத்தியார் சொல்லியனுப்பினார், பையனிடம் ஒரு தட்டும் டம்ளரும் கொடுத்தனுப்பும்படி. வெளியூர்ப் பயணம், எல்லாப் பிள்ளைகளும் கொண்டு போவார்கள் என்று நினைத்தேன். என் தம்பி மட்டும் நசுங்கிய அலுமினியத் தட்டோடு போய் நிற்கக்கூடாது. புதுப் பித்தளைத் தட்டு வாங்கி, பேர் வெட்டித் தரும்படி கடைக்காரர் பக்கிரியிடம் கேட்டேன்.

"இன்னா பேரும்மா, தெரு நீளத்துக்கு இருக்குது! 'தை'ன்னு ஒரு எழுத்து போதாதா?"

"முழுசா வெட்டுண்ணே. அப்பா எழுத்தும் சேத்து. கூட வர்ற பசங்க தட்டோட மாறிடப் போவுது."

பக்கிரி உளியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கிறது. பிறகு குனிந்து 'ச. தைரியநாதன்' என்று புள்ளி புள்ளியாக வெட்டிக் கொடுத்தார். புளி போட்டு நான் தேய்த்த தேய்ப்பில் அந்தத் தட்டில் முகம் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததைத் தம்பியிடமும், அணியின் மூன்றாவது பையன் இராமதாஸிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகே எழுதுகிறேன். விழுப்புரத்திலும் பேரளத்திலும் ரயில் மாறிப் போனார்கள். வழியெல்லாம் ஞானாதிக்கம் பாடத்தை மறக்க, என் தம்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனான். காரைக்காலில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வீட்டில் தங்க ஏற்பாடு. அவரும் கிறிஸ்தவர். எங்களுக்கும் அவருக்கும் பூசையில் நற்கருணை அப்பம் ஒரே கிண்ணத்திலிருந்துதான் வருகிறது.

மதியம் மேசையில் பீங்கான் தட்டு வைத்திருந்தார்கள். மூன்று பேரும் உட்காரப் போனபோது சமையற்காரி வந்தாள்.

"சேரிப் புள்ள யாரு? உன் தட்ட எடுத்துக்கினு பின்னால வா."

பின்னால் மாட்டுக் கொட்டகை. அதன் ஓரத்தில் ஒரு சாக்கு. என் தம்பி சாக்கைப் பார்த்தான். மற்ற இருவர் கையையும் பார்த்தான். அவர்கள் யாரும் தட்டு கொண்டுவரவில்லை.

பிரகாசம் வாத்தியார் அவனைத் தனியே இழுத்துப் போனார். "ரெண்டு நாளுதானடா. பெரிய மனுஷங்க வீடு. அனுசரிச்சிப் போ."

"எனுக்குப் பசிக்கல மிசே."

தட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான். சாயங்காலம் கடையில் ரெண்டு பன் வாங்கித் தின்றான். படுக்கை மாதா கோயில் தாழ்வாரத்தில். என் தம்பி, ஒரு பள்ளிக்கூடத்தின் முதல் பேச்சாளன்!

இராமதாஸ் இதையெல்லாம் எங்கள் வாசலில் நின்று சொன்னபோது நான் கேட்டேன்: "நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

"இன்னா கொழம்பு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வஞ்சரமீன் கொழம்பு."

"நல்லா இருந்துச்சா?"

நான் அவனை உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மண்டபத்து வாசலில் பிரகாசம் வாத்தியார் என் தம்பியைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரி எங்கடா போன? அந்த ழூழ் வீட்டு மதாம் எவ்ளோ சங்கடப்பட்டாங்க தெரியுமா? போய் மன்னிப்புக் கேட்டுட்டு வா. இல்லன்னா நீ மேடையேற வாணாம். ஞானு மொதல்ல பேசட்டும்."

ஓட்டுப் போட்டு வாங்கிய இடம்; ஒரு மாதம் தொண்டை கட்டக் கட்டப் பயிற்சி செய்த இடம். அது போனால் அவன் வெறும் கையோடு ஊர் திரும்ப வேண்டும். ஆனாலும் அவன் அசையவில்லை. "மன்னிப்புக் கேக்க மாட்டேன் மிசே" என்று அங்கேயே நின்றான்.

அவனைக் காப்பாற்றியது நியாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஞானாதிக்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "மிசே, எனுக்கு நடுப்பாகந்தான் தெரியும். கேள்வி கேட்டா நான் செத்தேன்" என்று அழமாட்டாத குறையாகச் சொன்னான். பள்ளிக்கூடத்து மானம் போய்விடுமே என்ற பயத்தில்தான் என் தம்பியை ஏறவிட்டார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏறினான். தட்டை யாரிடமும் விட்டுவைக்க அவனுக்கு மனமில்லை.

நன்றாகப் பேசினான். நான் வீட்டில் கேட்ட கேள்விகளையெல்லாம் அவர்களும் கேட்டார்கள். கடைசியில் காரைக்கால் பையன் ஒருவன், நான் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டான்:

"கல்வி மனிதனைத் திருத்தும் என்கிறீர்களே, கற்றவர் எல்லாரும் நல்லவரா?"

முன்வரிசையில் அந்த நீதிபதி உட்கார்ந்திருந்தார். பிரகாசம் வாத்தியார் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாராம்.

"இல்லை" என்றான் என் தம்பி. "நேற்று மதியம் கற்றவர் ஒருவரின் வீட்டில், என்னை மாட்டுக் கொட்டகை ஓரம் உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். அவர் சட்டமும் அறிந்தவர். சட்டம் அவரைத் திருத்தியதா? முதலில் அதைச் சொல்லுங்கள். என் பதில் இதுதான்: அவர் பரீட்சைகளில் தேறியிருக்கிறார், இன்னும் கற்கவில்லை. கற்றால் திருந்துவார்."

கேட்ட பையன் உட்கார்ந்துவிட்டான். பின்வரிசையில் யாரோ கைதட்ட, மண்டபம் முழுக்கத் தட்டியது. நீதிபதி தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நடுவர் மூவரும் எங்கள் அணிக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு பிரகாசம் வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? கோப்பை வாங்குகிறவர் கையெழுத்துப் போடப் புத்தகத்தை விரித்தபோது, "ஞானு, நீதான தலைவன், நீ போடு" என்றார். சற்று முன் அழப் போன ஞானாதிக்கம் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தான்.

என் தம்பி பையிலிருந்து தட்டை எடுத்து, அந்தப் பக்கத்தின் மேல் கவிழ்த்து வைத்தான். பித்தளை மேசையில் பட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத எடுத்தாரச் சொன்னது நீங்கதான் மிசே. பேரு தெரியாமப் பூடக் கூடாதுன்னு எங்கக்கா வெட்டியனுப்புச்சி. படிச்சிப் பாருங்க."

நடுவர்களில் வயதானவர் குனிந்து படித்தார். ஞானாதிக்கத்தின் கையிலிருந்து பேனாவை வாங்கி என் தம்பியிடம் நீட்டினார்.

ஊருக்கு வந்ததும் பள்ளிக்கூடப் பலகையில், 'சபைத் தலைவர் ஞானாதிக்கம் தலைமையில் வெற்றி' என்று எழுதிப் போட்டார்கள். என் தம்பி பெயர் அதில் இல்லை. எழுதட்டும். காரைக்காலில் இருக்கும் அந்தப் பக்கத்தை அழிக்க அவர்களால் முடியாது. போன வருஷம் நானே ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் அதுவரை கையெழுத்து என்றால் அப்பாவின் கட்டைவிரல்தான். கையெழுத்தை எப்படிப் போடுவது என்று தம்பிக்கும் தெரியாது. அதனால் தட்டில் இருந்தபடியே, அப்பாவின் எழுத்தோடு, ஓர் எழுத்தும் விடாமல் நிறுத்தி எழுதியிருக்கிறான்: ச. தைரியநாதன். 1935-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 16-ஆம் தேதி.