வெள்ளிக்கிழமைக் கரி

"ஒன்று புகை போகவேண்டும், அல்லது உங்கள் மனைவி போகவேண்டும்" என்றார் டாக்டர். சீட்டில் எழுத முடியாத மருந்தை வாயால் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

போவதென்றால் எங்கள் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக்கு. அங்கே புகை இல்லை. அவளுக்கு வேலையும் இல்லை. மாத்தளையை அடுத்த அலுவிகாரைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆசிரியை நியமனம் கிடைப்பதற்குள் அவள் பார்த்த மந்திரிகள் பலர். அந்த வேலையை விடமாட்டேன் என்றாள். சொல்லும்போதே மூச்சு இழுத்தது.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மலைநாட்டு நீர்மின்சாரம் மாத்தளையில் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அதுவரை, நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஒரு தனியார் நிலையம் நிலக்கரியை எரித்து, ஆலைகளுக்கும் எங்கள் மங்கிய பல்புகளுக்கும் கரண்ட் விற்றது. நாங்கள் அதைப் பவர்ஹவுஸ் என்றோம். கரி ரயிலில் வந்தது. புகை எந்த வாகனமும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்தது. புகைபோக்கி பக்கத்துத் தென்னையைவிடக் குட்டை.

நான் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், பிரதம லிகிதர். எந்த முறைப்பாடு எந்த மேசையில் தூங்கும், அதை எழுப்ப யாருக்குப் பிரதி அனுப்பவேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே புகையைத்தான் அனுப்புவது என்று முடிவு செய்தேன். நான் எழுதியும் அசையாத ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் எதிரியை அடையாளம் காணவேண்டும். புகை தினமும் இருந்தது. ஆனால் அவளுக்கு இழுப்பு முற்றியது வெள்ளிக்கிழமைகளில். காலையில் முழுகி, சேலைகளைக் கொடியில் போட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போவாள். திரும்பிவந்து அவற்றை உதறி மடிக்கும்போது தொடங்கும். உதறினால் மிளகுத்தூள்போலக் கறுப்பாக ஏதோ விழும்.

மிளகுத்தூள் என்றதும் பக்கத்து வீட்டு நானாமேல் சந்தேகம் வந்தது. அவர் பரம்பரையாக மாத்தளையில் இருக்கும் முஸ்லிம்; அண்ணன் முறையில் ஊரே அவரை நானா என்றது. மிளகு, மிளகாய், கோப்பி எல்லாம் அரைக்கிற பெரிய மில் வைத்திருந்தார். வேலிக்கு மேலால் விசாரணையை ஆரம்பித்தேன்.

"நானா, வெள்ளிக்கிழமை பகலில் என்ன அரைக்கிறீர்கள்?"

"வெள்ளிக்கிழம பகலா? ஜும்மாவுக்குப் போறதுக்கு மில்ல நிப்பாட்டி எல்லாரையும் அனுப்பிருவேனே. ஏன் ஐயா, கச்சேரில மில்லுக்கும் வரி போடப் போறீங்களா?"

மில் ஓடவில்லை என்றால் மிஞ்சுவது பவர்ஹவுஸ். நானா சொன்ன பதிலில் முழு விஷயமும் இருந்தது. அது எனக்குத் தெரிவதற்கு ஒரு பரிசோதகர் வரவேண்டியிருந்தது.

எழுதினேன். கொழும்பிலிருந்து தொழிற்சாலைப் பரிசோதகர் வந்தார். அவர் கையில் ஓர் அட்டை. வெள்ளையிலிருந்து கறுப்புவரை கட்டம் கட்டமாகச் சாம்பல் நிறங்கள். அதைக் கை நீட்டிப் பிடித்து, புகை எந்தக் கட்டத்துக்குச் சமம் என்று பார்ப்பார். அன்றைக்குப் பார்த்துப் புகை பெண்பார்க்க வந்த வீட்டுப் பிள்ளைபோல மெல்லிசாக, தலை குனிந்து போனது. "அனுமதிக்கத்தக்கது" என்று எழுதிவிட்டுப் போனார். மறுமுறையும் அப்படியே.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் வருமுன் அரசாங்க விருந்தினர் விடுதியான வாடிவீட்டில் அறைக்குச் சொல்லிவைப்பார். வாடிவீட்டுச் சமையற்காரன் நல்ல மீன் தேடி அலைந்தால் யாரோ பெரியவர் வருகிறார் என்று ஊருக்கே தெரியும். பவர்ஹவுஸ் முதலாளிக்கு மட்டும் தெரியாதா?

மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை வரச் சொல்லி எழுதினேன். அறை ஒதுக்கவேண்டாம், பகல் சாப்பாடு என் வீட்டில் என்றும் எழுதினேன். வந்தார். ஒன்றை மட்டும் நான் மறந்திருந்தேன். அவரும் முஸ்லிம். நண்பகல் நெருங்க, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானாவோடு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். நான் செய்த ஏற்பாடு முழுவதும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டு தெருவில் நின்றேன்.

தொழுகை நடந்துகொண்டிருந்தபோது பவர்ஹவுஸ் பக்கம் 'புஸ்' என்று நீண்ட சத்தம். புகைபோக்கியின் வாயில் கறுப்பு மூட்டை ஒன்று அவிழ்ந்தது.

தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒவ்வொருவரும் செருப்பை எடுத்து, ஒன்றோடொன்று தட்டி, பிறகு போட்டுக்கொண்டார்கள். நானாவும் தட்டினார். பரிசோதகர் தட்டவில்லை. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துக்குள் காலை விட்டவர் உடனே வெளியே எடுத்தார். விரல்கள் கறுத்திருந்தன.

"இது என்ன?"

"தட்டிட்டுப் போடணும் சேர். நம்மட ஊர்ல வெள்ளிக்கிழம எல்லாரும் தட்டித்தான் போடுறது."

"எவ்வளவு காலமா?"

"அதெங்க தெரியும்? ரோட்டுத் தூசின்டு நெனச்சோம்."

பரிசோதகர் அட்டையை எடுத்துச் சப்பாத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கடைசிக் கட்டமும் சப்பாத்தும் ஒரே நிறம். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் அந்தக் கட்டம் பயன்பட்டது அன்றைக்குத்தான் முதல்முறை என்று நினைக்கிறேன்.

மூவரும் நேராகப் பவர்ஹவுசுக்குப் போனோம். ஊரே பள்ளிவாசலுக்குள் இருக்கும் நேரம் பார்த்து முதலாளி கரியை விடச் சொல்கிறார் என்பது என் முடிவு. அங்கே எஞ்சின் டிரைவர், தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர், துணியில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"பொய்லர் கொழாய்ல கரி அடைக்குங்க. ஆவிய விட்டு ஊதித் தள்ளணும். இல்லாட்டி வெடிச்சிரும். மில்லு கரண்ட இழுத்து லோட் இருக்கிறப்போ ஊத முடியாதுங்க, கரண்ட் விழுந்துரும். வெள்ளிக்கெழம நானா மில்ல நிப்பாட்டுவாரு. அப்பதான் லோட் எறங்கும். அப்ப ஊதுவோம். முதலாளிக்கு இதெல்லாம் என்னாங்க தெரியும்?"

நானாவின் முகத்தை நான் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

பரிசோதகர் உத்தரவு போட்டார்: புகைபோக்கியை உயர்த்து. உயர்த்தினார்கள். இரும்பு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, தென்னையையும் தாண்டிக் கொண்டுபோனார்கள். சேலைகளை உதறினால் ஒன்றும் விழவில்லை. பள்ளிவாசலில் பழக்கத்துக்காகத்தான் செருப்பைத் தட்டினார்கள். அவளுக்கு மூச்சு சீரானது. நானா இனிப்புக்கு ஒரு கோப்பை வட்டிலப்பம் அனுப்பினார். என் முறைப்பாட்டுக் கோவை மூடப்பட்டது. ஆனால் எரிகிற கரியின் அளவு குறையவில்லை. இல்லாமல் போன கரித்தூள் எங்கே போகிறது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பகல், தலைமை ஆசிரியர் அவளை வாடகைக் காரில் கொண்டுவந்து விட்டார். வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு அடைத்திருக்கிறது. யன்னலோர மேசைகளில், பிள்ளைகளின் சிலேட்டுகளில், எல்லாவற்றிலும் கறுப்புத் தூள். உயர்ந்த புகைபோக்கி எங்கள் தெருவைத் தாண்டி அலுவிகாரையில் இறக்கியிருந்தது. டாக்டர் பழைய வசனத்தையே திருப்பிச் சொன்னார். இந்தமுறை யாழ்ப்பாண ரயிலின் நேரத்தையும் சேர்த்துச் சொன்னார்.

நான் பேனையை எடுத்தேன். மூடிய கோவையைத் திறக்கப் புதிய முறைப்பாட்டாளர் வேண்டும். பாதிக்கப்பட்ட இடத்தில் நான் குடியிருக்கவில்லை. அவள் அரசாங்க ஆசிரியை. தலைமை ஆசிரியர் ஊடாக, கல்விக் கந்தோர் ஊடாக, அங்கிருந்து...

"இஞ்சருங்கோ, நீங்கள் எழுதினது காணும், பேனையை வையுங்கோ" என்றாள் கட்டிலில் இருந்தபடி. "டிரைவரின்ர மகள் என்ர வகுப்பிலதான் படிக்கிறாள்."

இரண்டு நாளில் எழுந்து, டிரைவரையும் நானாவையும் எங்கள் விறாந்தைக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"அண்ணை, பிள்ளையள் இல்லாத நேரம் ஊதேலாதோ?"

"லோட் எறங்கணுமே டீச்சரம்மா. மில்லு நின்னா எப்ப வேணும்னாலும் ஊதுவேங்க."

அவள் நானாவைப் பார்த்தாள்.

"ஜும்மாவ மாத்த ஏலா, தங்கச்சி. மில்ல ஞாயித்துக்கிழம பின்னேரம் நிப்பாட்டலாம். கோப்பி ஓடர் கொஞ்சம் பிந்தும், பரவாயில்ல."

"வெள்ளிக்கிழமை ஊதமாட்டியளே?"

"எம் மகளும் அங்கதானே படிக்கிது? ஊதுவேனா?"

முடிந்தது. உத்தரவு இல்லை, பிரதி இல்லை, முத்திரை இல்லை. நானாவுக்கு இதில் என்ன லாபம் என்று நான் ஒரு மாதம் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை, அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. ஞாயிறு பின்னேரங்களில் அந்தக் கரி அலுவிகாரையில் யார் கொடியில் விழுகிறது என்று கேட்டேன். "ஒரு இழுப்பை முடிச்சுக்கொண்டுதான் மற்றதுக்கு வாறன்" என்றாள். அடுத்து அவள் கேட்டுக்கொண்டபடி, மழை பிடிக்கும் ஞாயிறுகளில், கரி கொடிகளுக்கு வராமல் கழுவிப்போகட்டும் என்று, மழையோடு சேர்த்து ஊதினார் டிரைவர். மழை இல்லாத ஞாயிறுகளுக்கு அவளிடமும் வழி இருக்கவில்லை. ஆனால் ரயிலேறவில்லை.

பிறகு மலைநாட்டுக் கரண்ட் கம்பியில் வந்தது. பவர்ஹவுஸ் நெருப்பை அணைத்தது. டிரைவர் கம்பிக்காரர்களோடு சேர்ந்து வேறு ஊருக்குப் போனார். நெருப்பு அணைந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் வெள்ளைச் சேலையாகப் பார்த்துத் தோய்த்துப் போட்டாள். நான் யன்னல் விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்தேன்.

"இன்னும் என்னத்தைத் தேடுறியள்?" என்றாள் சேலையை உதறிக்கொண்டே, இழுப்பில்லாத குரலில்.

விரல் சுத்தமாக இருந்தது. மற்ற விரலாலும் இழுத்துப் பார்த்தேன்.