எட்டாம் நம்பர் பூட்ஸ்

என் வீட்டுக்காரரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையை எடுத்து அவர் பாதத்தில் அங்கங்கே தொட்டார் டாக்டர். தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். டாக்டர் தொட்டபோதெல்லாம் இவர் சும்மா இருந்தார். டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தபோது, இவர் "தெரியுது, தெரியுது" என்றார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, இனி வெறுங்காலில் நடக்கவே கூடாது, தினமும் உள்ளங்காலை யாராவது பார்க்க வேண்டும், சின்னப் புண் வந்தாலும் விரல் போகும், காலே போகலாம் என்று டாக்டர் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

வெறுங்காலில் நடக்காதே என்று திருவண்ணாமலைக்காரரிடம் சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்? பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிற மனுஷர். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்துவிட்டு வந்து, உள்ளங்காலில் அப்பளம் மாதிரி கொப்புளம் இருந்தது தெரியாமல் காபி கேட்டவர். அதைக் காட்டினால், "அண்ணாமலையார் எனக்கு வலியே இல்லாம பண்ணிட்டாரு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வியாதியை வரம் என்று நினைத்துக்கொண்ட ஆளுக்கு எந்த டாக்டர் என்ன செய்ய முடியும்?

டாக்டர் சொன்னதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் சத்தியம் கேட்டார். முக்கியமாக என் தம்பியிடம்.

தம்பிக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை விவசாயம். காணும் பொங்கல் வந்தால் அவனும் அவன் கூட்டாளிகளும் ஜவ்வாது மலைக்கு முயல் அடிக்கப் போவார்கள். பிடிபட்டால் ஜெயில் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். மாமன் மச்சான் எல்லாரும் வருஷா வருஷம் போகிற வழக்கமாம். டவுனில் ஃபைல் புரட்டுகிற என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். எதற்கு? கேலி பண்ண ஒரு ஆள் வேண்டுமே. எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் கோபித்துக்கொண்டால் அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள்.

போன வருஷம் இவர் ரப்பர் செருப்போடு போனார். மார்கழி முடிந்து தை பிறந்தாலும் அந்த மலையில் பனி குறையாது. காலையில் புல்லெல்லாம் சொதசொதவென்று நனைந்து கிடக்கும். சரிவில் சறுக்கி இலந்தை முள்ளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வைத்த பெயர் 'சறுக்கு மாமா'. அந்தப் பெயர் மலையோடு நிற்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவன், "சறுக்கு மாமாவுக்கு இன்னும் கொஞ்சம்" என்றான். இவர் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அப்போதே தெரியும், அடுத்த பொங்கலுக்குள் எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்பார் என்று.

பூட்ஸ் வாங்கப் போனோம். முதலில் ரமணாசிரமம் பக்கம் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற மலையேறும் பூட்ஸ் அங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இருந்தவையெல்லாம் தோணி மாதிரி இருந்தன. பிறகு தேரடி வீதிப் பக்கம் ஒரு கடை. கணுக்காலுக்கு மேல் ஏறுகிற தோல் பூட்ஸ், அடியில் டிராக்டர் டயர் மாதிரி பட்டை பட்டையாக ரப்பர். பனியில் தண்ணீர் இறங்காது, பாறையில் வழுக்காது. அதில் எனக்கும் குறை இல்லை. சண்டை வந்தது அளவில்.

கம்பளி சாக்ஸ் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார். ஒன்பதாம் நம்பர் சரியாக இருந்தது. குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போனது, முன்னால் விரல்கள் அசைய இடம் இருந்தது. மலை இறங்கும்போது விரல் போய் முன்னால் முட்டும், இடம் இருந்தால்தான் தப்பும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். இவர் நாலு அடி நடந்துவிட்டு, லொடலொடவென்று இருக்கிறது, காலில் நிற்கவே இல்லை என்றார். எட்டாம் நம்பரைப் போட்டார். நான் குனிந்து அமுக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் பூட்ஸ் தோலைத் துருத்திக்கொண்டு தெரிந்தது. முகமெல்லாம் மலர்ந்து, "இதான் கச்சிதம். கால்ல பூட்ஸ் இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

வேண்டாம் என்றேன். கடைப் பையன்கள், பக்கத்தில் செருப்பு பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் எல்லாரும் கேட்க, "நீ போட்டுக்கினு மலையேறப் போறியா? மூடிக்கினு உக்காரு" என்றார். கடைக்காரர் ஒன்பதைப் பெட்டிக்குள் வைத்தார். சாருக்கு எட்டுதான் எடுப்பாக இருக்கிறது என்று அவர் பங்குக்கு ஒத்து ஊதினார். நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன். அந்த நேரம் என் வீட்டுக்காரர்மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸம்மாவிடம் கேட்டேன். உணர்ச்சி போனவர்கள் இறுக்கமானதைத்தான் எடுப்பார்கள், அவ்வளவு இறுக்கினால்தான் அவர்களுக்குக் கால் இருப்பதே தெரியும் என்றார். அதை வீட்டில் சொன்னேன். நீ எந்த ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாய் என்று கேட்டார்.

சத்தியமாவது மண்ணாவது. தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் காலில் உணர்ச்சி இல்லைடா, மத்தியானம் ஒரு தடவை பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார், கேலி பண்ணாதே என்று கெஞ்சினேன். "நீ கவலப்படாதக்கா, நான் பாத்துக்கறேன்" என்றான். என் கூடப் பிறந்தவன், நம்பினேன். மறுபடி அந்த நிலைமை வந்தாலும் சொல்லத்தான் செய்வேன். வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் போனவர்கள், மறுநாள் பொழுது சாயும்போது வந்தார்கள். இவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தார். இந்த வருஷம் ஒரே ஒரு முறைகூடச் சறுக்கவில்லையாம். எல்லாருக்கும் முன்னால் இவர்தான் நடந்தாராம். ஒருத்தனும் அந்தப் பெயரைச் சொல்லவில்லையாம், மாமா மாமா என்று பின்னாலேயே வந்தார்களாம். நான் கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தேன். இடது பூட்ஸ் வந்துவிட்டது. வலது வரவில்லை. இழுத்தபோது ஈரமாகச் சத்தம் கேட்டது. சாக்ஸ் கறுப்பாக ஊறிப் பாதத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து உரித்தேன்.

பெருவிரலுக்குக் கீழே சதை கிழிந்து குழி விழுந்திருந்தது. குழிக்குள் ஒரு புளியங்கொட்டை. நகத்தால் நெம்பி எடுத்தேன். மேலே இவர் புதருக்குள் முயல் பாய்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எடுத்து முடிக்கிற வரைக்கும் கதை நிற்கவில்லை.

தம்பி வாசலில் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தான். ஓடிப்போய்க் கையை விரித்துக் காட்டினேன்.

"அய்யய்யோ, இன்னும் அங்கயேவா இருந்துச்சு?" என்றான்.

விடியற்காலை இவர் பல் தேய்க்கப் போனபோது பூட்ஸுக்குள் போட்டார்களாம். எத்தனை தூரத்தில் உதறுவார் என்று கூட்டாளிகளுக்குள் பந்தயம். அவர் உதறவே இல்லை. அவரை முன்னால் நடக்கவிட்டுவிட்டு, பொழுதுக்கும் பின்னால் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சிரிப்பில் கொட்டை இருப்பதையே மறந்துவிட்டார்களாம்.

"தெரியாதுன்னு நீதானக்கா சொன்ன. நெசமான்னு பாத்தோம்."

அடித்தேன். கன்னத்தில், தலையில், கை வலிக்கும் வரைக்கும் அடித்தேன். காலைக் கவனிக்காமல் விட்டதற்கு அடிக்கிறேன் என்று உள்ளே இவர் நினைத்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பெருவிரல் முதலில் போனது. பிறகு பக்கத்து விரல். அதற்குமேல் ஏறாமல் நின்றால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். இறுக்கமான பூட்ஸ் பாதி, கொட்டை பாதி என்று பழியை நானே பங்கு போட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியை நிறுத்தி ஒன்று கேட்டேன். மாமாவிடம் சொல்லவா, இல்லை தினமும் வந்து கட்டு மாற்றுகிறாயா? அவன் வருகிறேன் என்றான். நர்ஸம்மாவை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். முதல் நாள் புண்ணைப் பார்த்துவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தான். வாயைக் கழுவிவிட்டு வந்து செய்யச் சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் பைக்கில் வருகிறான். இவருக்கு அதில் ஒரே பெருமை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "பெத்த புள்ளகூட இப்டிப் பாக்க மாட்டான், என் மச்சான் பாக்கறான்" என்கிறார். அதோடு விட்டால் பரவாயில்லை. அந்தப் பொங்கல் கதையை எடுத்துவிடுகிறார். எல்லாருக்கும் முன்னால் தான் நடந்ததை, பின்னால் அத்தனை பேரும் மரியாதையாக வந்ததை. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல நாளாம். தம்பி குனிந்து கட்டை அவிழ்த்துக்கொண்டே அத்தனையையும் கேட்க வேண்டும். கேட்கட்டும் என்றுதான் நானும் அந்த நேரம் பார்த்துக் காபி கொண்டுவந்து வைத்து, அப்புறம் என்ன ஆச்சு என்று இவரிடம் கேட்பேன்.

போன வாரம் அடுப்படிக்கு வந்தான். இளைத்துப் போயிருந்தான். "போதும்க்கா. நானே மாமாகிட்ட சொல்லிடறேன்" என்றான்.

"சொல்லிட்டு நீ நிம்மதியா தூங்குவ. அவரு?" என்றேன்.

போய் மாமாவின் காலடியில் உட்கார்ந்தான். டிவி ஓடிக்கொண்டிருந்தது. விரல் இருந்த இடத்தைத் துடைக்கும்போது அவன் தோள் குலுங்கியது. கண்ணீர் சொட்டுச் சொட்டாக அந்தப் பாதத்தின் மேலேயே விழுந்தது. இவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்காம கட்டுடா" என்றேன். "நாளைக்குச் சீக்கிரம் வா."