பாட்டின் முதல் ஏழு சுரம்

சுருதிக்காரருக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் ஒரே ஒரு பாட்டால்தான் வரும். கடையிலோ, பேருந்திலோ, பல் டாக்டரின் வரவேற்பறையிலோ அந்தப் பாட்டு கேட்டால் போதும், முகம் சுண்டிப்போகும். "முதல் ஏழு சுரம் என்னோடது. மீதிதான் அவனுங்களோடது" என்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஊர் உலகமெல்லாம் கொண்டாடும் ராக் பேண்ட் எங்கே, வீடு வீடாகப் போய்ப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் இந்த மனுஷன் எங்கே!

ஆனால் அவர் சொன்னது புளுகு இல்லை. கம்பிகளை முறுக்கி முடித்துப் பியானோவின் மூடியைச் சாத்துவதற்கு முன், வேலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு மெட்டு வைத்திருந்தார். நாலு சுரம் மேலே ஏறும், அங்கே கொஞ்சம் தயங்கும், பிறகு மூன்றே தாவலில் கடைசிக் கீழ்க்கட்டைக்கு வந்து விழும். எந்தக் கம்பி பிசகியிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் அதைத்தான் வாசித்துப் பார்த்தார். மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த பேண்டின் கீபோர்டுக்காரர், "இன்னொரு தடவை வாசிங்கண்ணே" என்றார். வாசித்தார். அவ்வளவுதான். மூன்று மாதத்தில் திரும்பின பக்கமெல்லாம் அந்தப் பாட்டு. சிடி உறையில் டீ கொண்டுவந்த பெண்ணுக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார்கள், இவர் பேரைக் காணோம்.

அதற்கப்புறம் எந்த வீட்டில் வாசித்துப் பார்த்தாலும், "அட, நீங்களும் அவங்க ரசிகரா?" என்பார்கள். இதைவிட வேறு அவமானம் வேண்டுமா? மெட்டை மாற்றிப் பார்த்தார், கை கேட்கவில்லை.

போன மாதம் அதே கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்கிறார்களாம், பியானோவைச் சரிபார்க்க வேண்டுமாம். போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் அல்லாடினார்.

"போய் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வாங்க. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்றாள் மனைவி.

போனார். வேலை முடிந்ததும் வேண்டுமென்றே அந்த ஏழு சுரத்தையும் ஓங்கி வாசித்தார். கீபோர்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். இப்போது முன்தலை வழுக்கை.

"நீங்களும் இதைத்தான் வாசிப்பீங்களா? அப்ப ஒருத்தர் வந்து வாசிச்சார். சுருதி சேக்கறவங்க எல்லாரும் வாசிக்கிறதுன்னு நினைச்சுதான் எடுத்துக்கிட்டோம்."

"அந்த ஒருத்தர் நான்தான் தம்பி. எல்லாரும் வாசிக்கிறதில்ல, நான் மட்டும்தான்."

கீபோர்டுக்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, கேக்கணும்னே தோணலியே அண்ணே!" பாவம், நிஜமாகவே தோன்றவில்லை. நாளைக்குப் புது உறை அச்சுக்குப் போகிறது, கட்டாயம் போட்டுவிடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு பேரை எழுதி வாங்கிக்கொண்டார்.

சுருதிக்காரர் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தார். மனைவி பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் தொழில்.

"பேர் போடறாங்கடி! முதல் மெட்டுன்னு போட்டு என் பேரு!"

"நல்லதுங்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தவள், சந்தோஷத்திலோ என்னவோ, அந்த மெட்டை முனகினாள். ஏழாவது சுரத்தில் அது நிற்கவில்லை. அவர் கேட்டே இராத இன்னும் ஒன்பது சுரம், மிதியின் தாளத்தோடு வளைந்து வளைந்து வந்து, தொடங்கிய இடத்திலேயே உட்கார்ந்தது.

சுருதிக்காரர் மெஷின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். "இது எங்கேருந்து வந்துச்சு?"

"என்னோடதுதான். கல்யாணமான புதுசுல மெஷின் மிதிக்கிறப்ப முனகுவேன். நீங்க வேலைக்குக் கிளம்பற அவசரத்துல பாதிதான் கேட்டிருப்பீங்க."

தன் விரலில் தானாக வந்தது என்றல்லவா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார்! "ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரைப் போட்டு வதைத்தது. "'ஒரு வார்த்தை கேட்டானா அவன்'னு தினமும் திட்டுவீங்க. எனக்குச் சிரிப்பு வரும். சில நாள் அழுகையும் வரும்."

அச்சில் தன் பேரைப் பார்க்கும் ஆசை அப்போதும் அவரை விடவில்லை, பொய் சொல்வானேன்? அவர் சும்மா இருந்திருந்தால் அவளும் சும்மா இருந்திருப்பாள். இருந்தும் போனை எடுத்தார்.

"தம்பி, பேரைத் தப்பாக் குடுத்துட்டேன். என் பேரை எடுத்துடுங்க."

"அப்ப அது யாரோடதுண்ணே?"

"என் வீட்டுக்காரியோடது." அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கும் கேக்கணும்னு தோணல தம்பி."

மனைவி மெஷினை விட்டு எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து போனை வாங்கி, தன் பேரை எழுத்து எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்.