ஏழாவது அம்சம்

தேர்தலோ திருவிழாவோ வந்தால்தான் எங்கள் வட்டாரத்துக்கு என் தமிழ் ஞாபகத்துக்கு வரும். மற்ற நாட்களில் நான் பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஆள். திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பது, ஏதாவது எகிறினால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடுவது, இதுதான் பிழைப்பு. ஆனால் தெப்ராவில் நாங்கள் வசிக்கும் தாமான் என்கிற குடியிருப்பில் கோயில் அறிவிப்பு எழுத வேண்டுமா, மலாய்க் கடிதத்தைத் தமிழில் சொல்ல வேண்டுமா, என் வீட்டு கேட்டைத்தான் தட்டுவார்கள். நானும் ஒரு டீக்கு மயங்கி எழுதிக் கொடுத்துவிடுவேன்.

போன தேர்தலில் எங்கள் தொகுதியில் நின்றவர் தமிழர். வென்றவர்களைத்தான் 'வைபி' என்று மரியாதையாக அழைப்பது இங்கே வழக்கம். எங்கள் ஆட்களோ அவர் மனு தாக்கல் செய்த அன்றைக்கே வைபி ஆக்கிவிட்டார்கள். ஓட்டுக் கேட்கும் சிரமத்தைக்கூட அவருக்கு மிச்சப்படுத்திவிடுவார்கள் போலிருந்தது.

அவருடைய தேர்தல் ஏஜெண்ட் எங்கள் தாமான்காரர், எனக்கு அண்ணன் முறை. ஒரு காலையில் இரண்டு தாள்களோடு வந்தார். ஒன்று வழவழப்பான மலாய்த் துண்டறிக்கை. நாட்டின் பெரிய பிரச்சினைகளில் வேட்பாளரின் நிலைப்பாடு, ஏழு அம்சங்களில். இன்னொன்று பேனாவால் எழுதிய துண்டுக் காகிதம். கோயில் மண்டபத்துக்குக் கூரை, தமிழ்ப்பள்ளிக்கு ஏர்கோன், தீபாவளிக்கு அரிசி மூட்டை.

"தம்பி, இந்தச் சின்னத் தாள்ல உள்ளத மட்டும் நல்லா தமிழ்ல எழுதிக் குடு."

"அப்போ அந்த ஏழும்?"

"அது எதுக்கு லா? நம்ம ஆளுங்க மண்டபமும் பள்ளிக்கூடமும்தான் கேப்பாங்க. இது போதும்."

எனக்குச் சுருக்கென்றது. குறைந்தபட்சச் சம்பளம் நம் ஆட்களுக்கு வேண்டாமா? மருத்துவமனையில் ஒப்பந்த வேலையில் இழுபடும் தாதியரில் நம் பெண்கள் இல்லையா? பெட்ரோல் மானியம் குறைந்தால் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிற நாங்கள் தண்ணீர் ஊற்றியா ஓட்டுவோம்? அண்ணன் போன பிறகு மலாய் அறிக்கையை உட்கார்ந்து படித்தேன். பொய் சொல்லக் கூடாது, அதில் மூன்று நான்கு அம்சங்கள் எனக்குப் பிடித்தே இருந்தன. மனிதர் யோசித்துத்தான் எழுதியிருந்தார். பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் நெரிசலைப் பற்றிச் சொன்னதெல்லாம் நியாயம்.

ஏழாவதில் நின்றுவிட்டேன். குடியுரிமை விதிகளைத் தளர்த்துவதை அவர் ஏற்க மாட்டாராம். பெற்றோரின் அலட்சியத்துக்கு நாடு பொறுப்பேற்க முடியாதாம்.

அந்த அலட்சியமான பெற்றோர் நாங்கள்தான். என் மனைவி பாலோ பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அவளுடைய பிறப்பை யாரும் போய்ப் பதியவில்லை. வளர்ந்த பிறகு கிடைத்தது பச்சை ஐசி, தற்காலிகமாக இருந்துகொள்ளலாம் என்கிற அடையாள அட்டை. அங்கே கோயிலில் தாலி கட்டினேன். எங்கள் குடும்பங்களில் தாலி ஏறிவிட்டால் கல்யாணம் முடிந்தது, பதிவு என்பது எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளும் சமாச்சாரம். பதியப் போனால் அவளுடைய பிறப்புக்குச் சான்றாக ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள், அதற்குத் தோட்டத்து ஆபீஸைத் தேடினால் தோட்டமே கைமாறியிருந்தது. எனக்கும் ஷிப்டில் லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு, மகள் பிறந்து மூன்று மாதம் கழித்துத்தான் கல்யாணத்தைப் பதிந்தோம். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள் என்று கவுண்டரில் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். மகளின் பிறப்புச் சான்றிதழில் 'புக்கான் வார்கானெகாரா' என்று அடித்திருந்தார்கள். இந்த நாட்டின் குடியுரிமை இல்லாதவள்.

தவறு என்னுடையது. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் தண்டனை அனுபவிப்பது அவள். அந்தத் தேர்தலின்போது அவளுக்குப் பதினேழு வயது. வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருத்தி. நான் வேலை செய்யும் இடத்திலிருந்து பார்த்தால் சிங்கப்பூர் தெரியும். அவளுடைய தோழிகள் அங்கே பகுதிநேர வேலைக்குப் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட ஐசி எண் கேட்பார்கள், அதுவும் கிடையாது. இரண்டு முறை குடியுரிமைக்கு விண்ணப்பித்து இரண்டு முறையும் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மதியமே ஏழு அம்சங்களையும் தமிழில் எழுதினேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை, ஏழாவதைக் காரமாக்கவும் இல்லை. அவர் சொன்னது அப்படியே போதுமான காரமாகத்தான் இருந்தது.

அண்ணன் வாங்கிப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"அலமாக்! என்னா தம்பி இது? ஏழாவத எடுத்துடு."

"வைபி சொன்னதுதானண்ணே? மலாய்ல சொல்லலாம், தமிழ்ல சொல்லக் கூடாதா?"

"அது வேற ஆளுங்க ஓட்டுக்குச் சொன்னது. ஒனக்குப் புரியாதா?"

"நல்லா புரியுது. அதான் எழுதியிருக்கேன்."

அவர் தாளை மேசையில் போட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்துக்கொண்டு தாமான் முனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கீழே என் பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, 'இது மலாய் அறிக்கையின் முழுத் தமிழாக்கம், தவறு இருந்தால் வீட்டுக்கு வந்து சொல்லவும்' என்று சேர்த்தேன். எடுத்த நகல்களில் ஒன்றை என் கேட்டில் ஒட்டினேன். யாரும் தவறு சொல்ல வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் வேட்பாளருக்குத் தேநீர் விருந்து. காலைப் பூஜை முடிந்து ஆட்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள் வைத்துவிட்டேன். கோயில் தலைவர் பார்த்தார். அவரும் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வேட்பாளர் நன்றாகத்தான் பேசினார். கூரை, ஏர்கோன், அரிசி எல்லாம் வந்தன. பேசப் பேச முன்வரிசையில் ஆட்கள் அவரைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார்கள். நான் கேட்கலாமென்று எழுந்தேன். எத்தனையோ நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, வாயில் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மகள் எழுந்து நின்றாள்.

"வணக்கம் ஐயா. ஏழாவது அம்சத்துல பெத்தவங்க அலட்சியம்னு போட்டிருக்கீங்க. அந்தப் பிள்ளை நான்தான். நான் என்னா செய்யணும்?"

வேட்பாளர் தடுமாறவில்லை, அனுபவசாலி. சிரித்தார்.

"அம்மா, அது பொதுவா சொன்னது. நீ நம்ம பிள்ளை. ஒன்னோட ஃபைல என் ஆபீஸ்ல கொண்டாந்து குடு. நானே நேர்ல பாத்துக்கறேன்."

கைதட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் கைகள் தாமாகக் கும்பிட எழுந்தன. பதினேழு வருடம் கவுண்டர் கவுண்டராக நின்றவனுக்கு ஒரு பெரிய மனிதர் 'பாத்துக்கறேன்' என்றால் வேறென்ன தோன்றும்?

மகள் உட்காரவில்லை.

"எனக்கு மட்டும் பாப்பீங்களா, இல்ல ஏழாவத மாத்துவீங்களா? எங்க தாமான்லயே என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

"அது கட்சியோட நிலைப்பாடும்மா. நான் ஒருத்தன் மாத்த முடியாது."

"அப்போ அதைத் தமிழ்லயும் நீங்களே போடுங்க ஐயா. எங்கப்பா எதுக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போகணும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். நான் என் கைகளைக் கீழே இறக்கினேன். அத்தனை பெருமையும் அத்தனை வெட்கமும் ஒரே நேரத்தில் எனக்கு வந்ததேயில்லை.

மறுநாள் காலை அண்ணன் ஃபோன் செய்தார். வைபி சொன்ன சொல் மாற மாட்டாராம். புதன்கிழமை ஃபைலைக் கொண்டு வரலாமாம். கேட்டில் இருக்கும் தாளை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம், மற்ற இரண்டு பிள்ளைகளின் பேச்சை இப்போது எடுக்க வேண்டாமாம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் மூவரில் இப்படி ஒரு நல்ல வார்த்தைக்காக அதிகம் அழுதவள் அவள். தன்னால்தான் மகளுக்கு இந்தக் கதி என்று ஒவ்வொரு முறை கடிதம் திரும்பி வரும்போதும் சொல்லிச் சொல்லி அழுவாள். அவள் சரி என்றால் நான் கேட்டுக்குப் போய்த் தாளைக் கிழித்திருப்பேன். இதையும் மறைக்க விரும்பவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபோனை வாங்கினாள்.

"அண்ணே, புதன்கிழமை வர்றோம். மூணு பிள்ளைங்க ஃபைலும் வரும். தாளு அங்கயே இருக்கும்."

அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டாள். தாளித்துக்கொண்டிருந்தது கருகியிருந்தது, அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளித்தாள்.

புதன்கிழமை மூன்று குடும்பங்களும் சேர்ந்து போனோம். ஆபீஸில் வேட்பாளர் இல்லை. ஒரு பெண் மூன்று ஃபைல்களையும் வாங்கினாள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்தால்தான் போவோம் என்று உட்கார்ந்தோம். குத்திக் கொடுத்தாள்.

ஓட்டுப்போடும் நாளன்று எங்கள் வீட்டிலிருந்து நான் மட்டும் போனேன். யாருக்குப் போட்டேன் என்பது ரகசியம், ரொம்பக் கஷ்டமான ரகசியம் இல்லை. அவர் வென்றார், உண்மையிலேயே வைபி ஆனார். மண்டபத்துக்குக் கூரையும் வந்தது, நல்ல கூரைதான், மழைக்கு ஒழுகவில்லை. மூன்று ஃபைல்களுக்கும் பதில் வரவில்லை. மாதம் ஒரு முறை மூன்று வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் அந்த முத்திரைத் தாளோடு போய்க் கேட்டுவிட்டு வருகிறோம். எங்களைப் பார்த்ததுமே அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

போன மாதம் பெய்த மழையில் கேட்டிலிருந்த தாள் ஊறி எழுத்து கலைந்துவிட்டது. அண்ணன் அந்த வழியாகப் போகும்போது பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். மகள் அன்று மாலையே அசலை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பினாள், நானும் கூடப் போனேன். இந்த முறை லேமினேட் செய்து தரச் சொன்னாள். கடைக்காரர் தாளை மெஷினில் விட்டபடியே, "பத்து வருஷம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது, பாப்பா" என்றார்.

"அவ்ளோ நாளு எங்களுக்கு வேணாம் அங்கிள்," என்றாள் மகள். "ஆனா போடுங்க."